எளியோர்க்கான கலை – எஸ்.எஸ். வாசன்

நுழையும்முன்

கலைகளை உயர்ந்தோர்க்கு உரியவை, எளியோர்க்கு உரியவை எனப் பிரித்துப் பார்க்கும் வழக்கம் நெடுங்காலமாக உள்ளது. இசையரங்கும் நாட்டிய மேடையும் ஒருபுறம் நிற்க, கழைக்கூத்தும் சர்க்கஸும் கேலிச்சித்திரமும் திரைப்படமும் மறுபுறம் வைக்கப்பட்டன. இந்தப் பிரிவினையை ஏற்காமல், நாள் முழுதும் உழைத்துக் களைத்தவருக்கு ஒருபொழுது மகிழ்ச்சி தருவதை மதிப்புமிக்க பணியாகக் கருதி, அதற்காகத் தம் உடைமை அனைத்தையும் பணயம் வைத்த ஒருவரின் வாழ்க்கையை இப்பாடம் கூறுகிறது.

கயிற்றின்மேல் நடந்த கலை

சங்கம் வளர்த்த மதுரை தமிழுக்குத் தந்த செல்வங்களுள் ஒன்று நற்றிணை. அதன் 95ஆம் பாடலைக் கோட்டம்பலவனார் பாடியுள்ளார். மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் நிகழ்ந்த கழைக்கூத்தை அப்பாடல் நம் கண்முன் நிறுத்துகிறது. குழல் ஒலிக்கிறது, பல இசைக்கருவிகள் முழங்குகின்றன. ஆடுமகள் ஒருத்தி நடந்து முடித்த முறுக்குக் கயிற்றில் குரங்குக்குட்டி ஒன்று ஏறித் தொங்கி ஆடுகிறது. அதைக் கண்ட குறவர் சிறுவர்கள் பாறைமேல் ஏறி, மூங்கிலை வளைத்து எழுந்து தாளம் கொட்டுகின்றனர். அந்தச் சிற்றூரில்தான் தன் நெஞ்சைப் பிணித்தவள் வாழ்கிறாள் என்று தலைவன் தன் தோழனிடம் கூறுவதாகப் பாடல் முடிகிறது.

இசை, உடல்வித்தை, விலங்கின் குறும்பு, சிறுவரின் சிரிப்பு, இவற்றினூடே ஒரு காதல் என அனைத்தும் ஒரு சிறு பாடலுக்குள் அடங்கியுள்ளன. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட தமிழ்ப் புலவர் கூத்தாடும் மக்களின் கலையைக் காதலைச் சொல்லத் தகுந்த களமாகக் கண்டார். அதே களத்தை 20ஆம் நூற்றாண்டில் திரைக்குக் கொண்டுவந்து, இந்தியா முழுவதையும் திரும்பிப் பார்க்கச் செய்தவர் எஸ்.எஸ். வாசன். அவர் உருவாக்கிய 'சந்திரலேகா' திரைப்படத்தில் அரண்மனையும் உண்டு. சர்க்கஸ் கூடாரமும் உண்டு. அரசகுமாரனின் உயிரைக் காப்பவை அக்கூடாரத்து யானைகளே.

இளமையும் முயற்சியும்

திருத்துறைப்பூண்டி சுப்பிரமணியம் சீனிவாசன் என்பது வாசனின் இயற்பெயர். சோழநாட்டின் கீழைப்பகுதியில் அமைந்த திருத்துறைப்பூண்டியில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிறந்தார். மிக இளம் வயதிலேயே தந்தையை இழந்தார். மகனுக்குக் கல்வி தரவேண்டும் என்ற உறுதியோடு தாயார் அவரைச் சென்னைக்கு அழைத்துவந்தார். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்த வாசன், குடும்பச் சூழலால் படிப்பைத் தொடர இயலாமல் பொருளீட்டும் முயற்சியில் இறங்கினார்.

இதழ்களுக்கு விளம்பரம் திரட்டித் தருவதும், பொருள்களை அஞ்சல்வழி விற்பதும் அவருடைய தொடக்ககாலத் தொழில்கள். இவ்விரு தொழில்களும் அவருக்குப் பள்ளிக்கூடமாக அமைந்தன. முகம் தெரியாத ஒருவர், எங்கோ ஒரு சிற்றூரில் அமர்ந்து, ஒரு விளம்பரத்தைப் படித்து, அதை நம்பிப் பணம் அனுப்புகிறார். அவருடைய விருப்பம் யாது, ஐயம் யாது, எச்சொல் அவரை ஈர்க்கும் என்பவற்றை வாசன் நுட்பமாகக் கற்றார். பின்னாளில் இதழாசிரியராகவும் படத் தயாரிப்பாளராகவும் அவர் பெற்ற வெற்றிக்கு, முகம் தெரியாத அந்த எளிய மனிதரைப் பற்றிய அறிவே அடித்தளம்.

நகைச்சுவை ஏந்திய இதழ்

பூதூர் வைத்தியநாத ஐயர் 1926இல் தொடங்கிய 'ஆனந்த விகடன்' என்னும் இதழுக்கு வாசன் விளம்பரங்கள் பெற்றுத் தந்துவந்தார். இதழ் நின்றுபோகும் நிலை வந்தபோது, 1928இல் அதனை 200 ரூபாய்க்கு வாங்கினார். இதழின் பெயரில் எட்டு எழுத்துகள். எழுத்துக்கு 25 ரூபாய் என்று கணக்கிட்டு விலை பேசப்பட்டதாக ஒரு செய்தியும் வழங்கிவருகிறது.

அக்காலத்துத் தமிழ் இதழ்களுள் பல, கற்றோரை மட்டும் கருத்தில்கொண்டு வெளிவந்தன. வாசன் நகைச்சுவையை முன்னிறுத்தினார். 1931இல் 'கல்கி' ரா. கிருஷ்ணமூர்த்தி விகடனில் இணைந்தார். எளிய நடையும் எள்ளலும் கலந்த அவருடைய எழுத்துகள் வாசகர் வட்டத்தை விரிவாக்கின. அவரைத் தொடர்ந்து தேவன் ஆசிரியப் பொறுப்பில் விளங்கினார். மாலி வரைந்த கேலிச்சித்திரங்கள் எழுத்தறியாதவரும் சிரித்து மகிழும் வாயிலாக அமைந்தன. சில கோடுகளில் ஒரு மனிதரின் நடை, செருக்கு, ஏமாற்றம் ஆகியவற்றைக் காட்டிவிடும் ஆற்றல் அவருக்கு இருந்தது. மாலியின் வழியில் ராஜு, கோபுலு முதலிய ஓவியர்களும் விகடனில் வளர்ந்தனர்.

வாசன் தாமும் எழுதினார். மதுவின் தீமையைக் கருவாகக்கொண்டு அவர் எழுதிய 'சதி லீலாவதி' என்னும் தொடர்கதை, 1936இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் திரைப்படமாயிற்று. எம்.கே. ராதா அதன் கதைத்தலைவர். எம்.ஜி.ஆர். நடித்த முதல் படம் அதுவே. என்.எஸ். கிருஷ்ணனும் அப்படத்தில் நடித்தார். எழுத்திலிருந்து திரைக்குச் செல்லும் வழி வாசனுக்கு இவ்வாறு திறந்தது.

தீயிலிருந்து எழுந்த நிறுவனம்

சென்னையில் இயக்குநர் கே. சுப்பிரமணியத்தின் முயற்சியால் இயங்கிவந்த படப்பிடிப்புத் தளம் ஒன்று தீவிபத்தில் பெரும் அழிவுக்குள்ளாகி ஏலத்துக்கு வந்தது. அதனை வாசன் வாங்கிச் சீரமைத்து 'ஜெமினி ஸ்டுடியோஸ்' என்னும் நிறுவனத்தை உருவாக்கினார். ஊதுகொம்பு முழக்கும் இரு சிறுவர்களின் உருவம் அதன் சின்னமாயிற்று. சென்னையின் அண்ணா மேம்பாலத்தை இன்றும் மக்கள் ஜெமினி மேம்பாலம் என்றே அழைப்பது, அந்நிறுவனம் நகர மக்களின் நினைவில் பதிந்ததற்குச் சான்று.

நடிகர், எழுத்தாளர், ஓவியர், ஒப்பனையாளர், தச்சர், தையற்காரர் எனப் பல திறத்தாரும் மாத ஊதியம் பெற்று அங்கே பணிபுரிந்தனர். கதை உருவாக்குவதற்கெனத் தனித்துறை இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு போன்ற பல்துறைக் கலைஞர்கள் அங்குச் செழித்தனர். பின்னாளில் தமிழின் தலைசிறந்த புனைகதையாளர்களுள் ஒருவராக விளங்கிய அசோகமித்திரன் ஜெமினியில் பணியாற்றியவர். அவ்வனுபவங்களை அவர் நூலாகவும் எழுதியுள்ளார்.

'பால நாகம்மா', 'நந்தனார்', 'மங்கம்மா சபதம்' ஆகிய படங்கள் வெற்றி பெற்றன. 1943இல் வெளியான 'மங்கம்மா சபதம்' ஈட்டிய வருவாய், அதுவரை இந்தியாவில் எவரும் முயலாத அளவில் ஒரு படத்தை எடுக்கும் துணிவை வாசனுக்குத் தந்தது.

கதை தேடிய ஐந்தாண்டுகள்

அப்படத்துக்குச் 'சந்திரலேகா' என்று முதலில் பெயர் மட்டுமே முடிவாயிற்று. கதை பின்னரே வந்தது. கதைத்துறையினர் முதலில் எழுதிய கதை வாசனுக்கு நிறைவளிக்கவில்லை. வேப்பத்தூர் கிட்டு, ரெய்னால்ட்ஸ் எழுதிய ஆங்கிலப் புதினம் ஒன்றில் வரும் துணிவுமிக்க பெண்ணின் நிகழ்ச்சியை எடுத்துக்கூற, அப்பொறியிலிருந்து புதிய கதை வளர்ந்தது. கே.ஜே. மகாதேவன், கொத்தமங்கலம் சுப்பு, சங்கு சுப்பிரமணியம், நைனா, கிட்டு ஆகியோர் கூடி அதனை உருவாக்கினர்.

இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. படச்சுருள் உள்ளிட்ட பொருள்களுக்குத் தட்டுப்பாடு நிலவியது. டி.ஜி. ராகவாச்சாரி இயக்கத்தில் தொடங்கிய படத்தை இடையில் வாசனே இயக்கும் பொறுப்பை ஏற்றார். அதற்குமுன் அவர் படம் எதையும் இயக்கியதில்லை. எடுத்த காட்சி மனத்துக்கு நிறைவு தராதபோது மீண்டும் எடுத்தார். மாதங்கள் ஆண்டுகளாயின. செலவு ஏறத்தாழ 30 இலட்சம் ரூபாயை எட்டியது. சில இலட்சங்களில் ஒரு படம் முடிந்துவிடும் காலத்தில் இது எண்ணிப்பார்க்க இயலாத தொகை. வாசன் தம் உடைமைகளை அடகு வைத்தார். நண்பர்களிடம் உதவி பெற்றார். படம் தோற்றிருப்பின் இதழ், படப்பிடிப்புத் தளம், அவற்றை நம்பியிருந்த நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஆகிய அனைத்தும் வீழ்ந்திருக்கும்.

சர்க்கஸ் கூடாரம் கதைக்குள் வந்தது

முதலில் எழுதப்பட்ட திரைக்கதையில் சர்க்கஸ் இடம்பெறவில்லை. படம் வளர்ந்துகொண்டிருந்த நிலையில்தான் அவ்வெண்ணம் தோன்றியது. கிட்டு தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் பயணம் செய்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட சர்க்கஸ்களைக் கண்டார். அவற்றுள் கமலா சர்க்கஸும் பரசுராம் சிங்க சர்க்கஸும் தேர்ந்தெடுக்கப்பட்டன. கமலா சர்க்கஸ் குழுவினர் ஒரு மாத காலம் படப்பிடிப்புக்காகவே அமர்த்தப்பட்டனர்.

தெரிந்து தெளிவோம்

இந்தியச் சர்க்கஸ் வரலாறு 1880இல் மும்பையில் விஷ்ணுபந்த் சத்ரே நடத்திய காட்சியுடன் தொடங்குகிறது. கேரளத்தின் தலச்சேரியில் கீலேரி குஞ்ஞிக்கண்ணன் சர்க்கஸ் பயிற்சிக்கூடம் ஒன்றை 1901இல் அமைத்தார். களரிப் பயிற்சியின் வலிமையோடு அங்கு உருவான கலைஞர்கள் நாடெங்கும் உள்ள சர்க்கஸ் குழுக்களில் புகழ்பெற்றனர். அந்தரத்தில் ஊஞ்சலாடுவதைச் சர்க்கஸ் கலைஞர்கள் 'பார் விளையாட்டு' என்பர். திரைத்துறையிலும் சர்க்கஸ் விரும்பப்பட்ட களமாகும். சார்லி சாப்ளினின் 'தி சர்க்கஸ்' 1928இலும், பறக்கும் யானைக்குட்டியைப் பற்றிய வால்ட் டிஸ்னியின் கருத்துப்படமான 'டம்போ' 1941இலும் வெளிவந்தன.

கதையில் சர்க்கஸ் பெறும் இடம் கருதத்தக்கது. அரசனின் மூத்த மகன் வீரசிம்மன், இளையவன் சசாங்கன். ஆடலிலும் பாடலிலும் வல்ல சிற்றூர்ப் பெண் சந்திரலேகாவும் வீரசிம்மனும் ஒருவரையொருவர் விரும்புகின்றனர். அரசுரிமை தமையனுக்குச் செல்வதைப் பொறாத சசாங்கன் கொள்ளையர் தலைவனாகி, வீரசிம்மனைக் குகை ஒன்றில் அடைத்து வாயிலைப் பெரும்பாறையால் மூடிவிடுகிறான். அவ்வழியே செல்லும் சர்க்கஸ் குழுவின் உதவியைச் சந்திரலேகா நாடுகிறாள். குழுவின் யானைகள் பாறையை அகற்றுகின்றன. காதலனை மீட்பவள் காதலியே என்பதையும், அவளுக்குத் துணைநிற்போர் படைவீரர் அல்லாத ஊர்சுற்றும் கலைஞர்கள் என்பதையும் நாம் மனங்கொள்ள வேண்டும்.

பின்னர் இருவரும் பகைவர் கண்ணில் படாதிருக்கச் சர்க்கஸ் குழுவிலேயே சேர்ந்துவிடுகின்றனர். அரசகுமாரன் கூடாரத்தில் ஒருவனாகிறான். சந்திரலேகாவாக நடித்த டி.ஆர். ராஜகுமாரி வித்தை காட்டும் பெண்ணாகக் களத்தில் தோன்றுகிறார். எம்.கே. ராதா வீரசிம்மனாகவும் ரஞ்சன் சசாங்கனாகவும் நடித்தனர். சர்க்கஸ் கலைஞர்களாக என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் வந்து நகைச்சுவை விருந்து படைத்தனர். வாழ்க்கையிலும் கணவன் மனைவியரான அவ்விருவரின் வரவு பார்வையாளருக்குத் தனி மகிழ்ச்சி அளித்தது. வழக்கொன்றில் சிறைப்பட்ட கலைவாணர் 1947இல் விடுதலையாகி மீண்டும் நடிக்கத் தொடங்கியிருந்த காலம் அது.

முரசுகளின்மேல் ஒரு போர்

சசாங்கனின் ஆட்கள் சந்திரலேகாவைக் கண்டுபிடித்து அரண்மனைக்குக் கொண்டுசெல்கின்றனர். அவன் நெருங்கும்போதெல்லாம் அவள் மயங்கி விழுவதுபோல நடிக்கிறாள். சுந்தரிபாய் நடித்த சர்க்கஸ் தோழி, மருத்துவம் அறிந்த குறவஞ்சியாக வேடமிட்டு உள்ளே நுழைகிறாள். தோழியர் இருவரும் கூடித் திட்டம் தீட்டுகின்றனர். திருமணத்துக்கு இசைவதாகக் கூறும் சந்திரலேகா, அதற்குமுன் முரசு நடனம் நிகழவேண்டும் என்று கேட்கிறாள்.

அரண்மனை முன்றிலில் வரிசை வரிசையாகப் பெருமுரசுகள் நிறுத்தப்படுகின்றன. அவற்றின்மேல் நூற்றுக்கணக்கான பெண்கள் ஆடுகின்றனர். ஆட்டம் உச்சத்தை எட்டி நின்ற நொடியில், முரசுகளுக்குள் மறைந்திருந்த வீரசிம்மனின் வீரர்கள் வெளிப்பட்டுப் பாய்கின்றனர். கிரேக்கக் காப்பியத்தின் மரக்குதிரையை நினைவூட்டும் இச்சூழ்ச்சி, இங்கு இசையோடும் ஆடலோடும் இணைந்துவிடுகிறது. நீண்ட வாட்போருக்குப்பின் சசாங்கன் வீழ்கிறான்.

ஏறத்தாழ 400 நடனக் கலைஞர்கள் பங்கேற்ற இக்காட்சிக்கு ஆறு மாதங்கள் நாள்தோறும் ஒத்திகை நடந்தது. ஏ.கே. சேகரின் கலையமைப்பும் கமல் கோஷின் ஒளிப்பதிவும் அதற்குத் துணைநின்றன. இந்த ஒரு காட்சிக்கு மட்டும் செலவான தொகை 5 இலட்சம் ரூபாய். எஸ். ராஜேஸ்வர ராவ், எம்.டி. பார்த்தசாரதி ஆகியோர் இசையமைத்த படத்துக்குப் பாபநாசம் சிவனும் கொத்தமங்கலம் சுப்புவும் பாடல்கள் எழுதினர். கருநாடக இசை, வடநாட்டு இசை, மேலைநாட்டு இசை, நாட்டுப்புற மெட்டு ஆகியவை அதில் வேறுபாடின்றிக் கலந்தன.

மணல்தரையின் தீர்ப்பு

1948ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆம் நாள் 'சந்திரலேகா' தமிழில் வெளிவந்தது. இப்படம் யாருக்காக எடுக்கப்பட்டது என்பதை அறிய, அக்கால மதுரையையும் அதனைச் சூழ்ந்த சமவெளியையும் எண்ணிப்பார்க்கலாம்.

மதுரை நகரில் நிலையான திரையரங்குகள் இருந்தன. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி போன்ற ஊர்களைச் சுற்றிய சிற்றூர்களில் வாழ்ந்தோருக்குத் திரைப்படம் என்பது கீற்றுக்கொட்டகையே. டூரிங் டாக்கீஸ் எனப்பட்ட அக்கொட்டகைகளில் இருட்டிய பிறகே காட்சி தொடங்கும். தரை, பெஞ்சு, நாற்காலி என மூவகை இருக்கைகள். தரைக்குச் சீட்டு வாங்கியோர் மணலைக் குவித்து மேடாக்கி அமர்வர். வைகைப் பாசனத்து வயல்களில் நடவு முடித்தவரும், கரிசல் காட்டில் பருத்தி எடுத்தவரும், நகரத்து நூற்பாலையில் உழைத்தவரும் அங்கே கூடினர். அவர்களுள் பெரும்பாலோர் எழுத்தறியாதவர்.

ஆயினும் கலையறியாதவர் அல்லர். மதுரைப் பகுதி நாடகத்துக்குப் பெயர்பெற்றது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918இல் சிறுவர்களைக்கொண்ட நாடகக் குழுவை மதுரையில்தான் தொடங்கினார். திருவிழாக் காலங்களில் விடிய விடிய நடைபெற்ற இசைநாடகங்களில் பாட்டு, தருக்கம், நகைச்சுவை, வாட்போர், காதல் அனைத்தும் ஓரிரவில் இடம்பெற்றன. கரகம், பொய்க்கால் குதிரை, கழைக்கூத்து ஆகியவற்றைக் கண்டு வளர்ந்தவர்கள் அம்மக்கள். ஏறுதழுவும் களத்தில் வீரத்தை நேரில் கண்டவர்கள். ஆட்டத்தில் தளர்ச்சியோ பாட்டில் போலியோ இருப்பின் நொடியில் கண்டுகொள்வர். அவர்கள் விரும்பும் சுவைகள் அனைத்தையும் வாசன் ஒரு படத்தில் திரட்டினார். அவற்றை மலிவாகச் செய்துதள்ளாமல், அரசவைக்குச் செய்வதுபோன்ற உழைப்போடு மணல்தரைக்குச் செய்தார் என்பதே அவருடைய தனிச்சிறப்பு. உழவர்க்கு உரிய பெருங்காட்சிகள் என்றே தம் படங்களை அவர் கருதினார்.

தமிழ்ப்படம் நன்கு ஓடியும் அதன் பெருஞ்செலவை ஈடுசெய்யத் தமிழகம் மட்டும் போதவில்லை. வாசன் தயங்காமல் அதனை இந்தியில் உருவாக்கி, 1948 டிசம்பரில் வெளியிட்டார். தாராசந்த் பர்ஜாத்யா அதன் விநியோகத்தில் துணைநின்றார். 600க்கும் மேற்பட்ட படிகள் எடுக்கப்பட்டு நாடெங்கும் திரையிடப்பட்டன. செய்தித்தாள்களிலும் சுவர்களிலும் நிறைந்த விளம்பரங்களில், அஞ்சல்வழி விற்பனையில் தொடங்கிய அந்த இளைஞரின் பட்டறிவு வெளிப்பட்டது. படம் பெருவெற்றி பெற்றது. சென்னையில் உருவாகும் படங்களுக்கு வடநாட்டின் கதவுகள் திறந்தன. அதன்பின் தென்னகத் தயாரிப்பாளர் பலர் இந்தியில் படமெடுக்க முன்வந்தனர்.

விமரிசனமும் விடையும்

வாசனுடைய படங்கள் பகட்டு மிகுந்தவை, வாழ்க்கையின் உண்மையைக் காட்டாதவை என்ற விமரிசனம் அக்காலத்திலேயே எழுந்தது. அதில் பொருளில்லை என்று தள்ளிவிட இயலாது. நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டில், பஞ்சமும் பங்கீட்டுக் கடைகளும் மக்களை வாட்டிய நாளில், அரண்மனையும் முரசு நடனமும் எதற்கு என்று கேட்போர் இருந்தனர். வறுமையைத் திரையில் காட்டுவதும் கலைஞரின் கடமை என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவ்வறுமையில் உழல்வோர் சில மணி நேரம் அதனை மறந்து வியக்கவும் சிரிக்கவும் விரும்புவது குறையாகாது. அவ்விருப்பத்தை ஏளனம் செய்யாமல் மதித்தவர் வாசன்.

மதித்தமையால் மக்களின் தீர்ப்புக்கும் தலைவணங்கினார். 'சந்திரலேகா' வெளியான அதே ஆண்டில் ஜெமினியின் 'ஞானசௌந்தரி'யும், அதே கதையைக்கொண்டு வேறொரு நிறுவனம் எடுத்த படமும் வெளிவந்தன. மக்கள் மற்றொன்றையே விரும்பினர். வாசன் மக்களைக் குறைகூறாமல் தம் படத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தோல்வியை இவ்வாறு ஏற்பதற்கும் துணிவு வேண்டும்.

காலப்போக்கில் அவருடைய படங்களின் களமும் விரிந்தது. கே.பி. சுந்தராம்பாள் நடிப்பில், கொத்தமங்கலம் சுப்பு இயக்கிய 'ஔவையார்' 1953இல் வெளிவந்து, தமிழ் மூதாட்டியைச் சிற்றூர்கள்தோறும் கொண்டுசேர்த்தது. ஆலைத்தொழிலாளர் வாழ்வைப் பேசிய 'இரும்புத்திரை' 1960இல் வெளிவந்தது. மதுரை போன்ற ஆலைநகரங்களில் வாழ்ந்தோர் தம் வாழ்வின் சாயலை அப்படத்தில் கண்டனர். சுப்பு விகடனில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடர்கதை, நாகசுரக் கலைஞருக்கும் நாட்டியக் கலைஞருக்கும் இடையிலான காதலைச் சொல்லி, கலைஞர்களின் வாழ்வை மக்கள்முன் வைத்தது. அதற்குக் கோபுலுவின் ஓவியங்கள் உயிரூட்டின.

நிறைவாழ்வு

வாசன் இந்தியத் திரைப்படக் கூட்டமைப்பின் தலைவராகப் பணியாற்றினார். மாநிலங்களவை உறுப்பினராகவும் விளங்கினார். 1969இல் இந்திய அரசு அவருக்குப் பத்மபூஷண் விருது வழங்கியது. அதே ஆண்டு ஆகஸ்டு 26ஆம் நாள் அவர் மறைந்தார். 2004இல் அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிடப்பட்டது. ஜெமினி படப்பிடிப்புத் தளம் இன்று இல்லை. அவர் வளர்த்த இதழ் தொடர்ந்து வெளிவருகிறது. 'சந்திரலேகா' ஜப்பான் வரை சென்று திரையிடப்பட்டது.

கீற்றுக்கொட்டகைகள் மறைந்துவிட்டன. சர்க்கஸ் கூடாரங்கள் அருகிவிட்டன. விலங்குகளைக் காட்சிப்படுத்துவதற்குச் சட்டம் விதித்த தடைகளை இன்றைய அறவுணர்வு வரவேற்கிறது. பொழுதுபோக்கு இப்போது கைப்பேசித் திரைக்குள் அடங்கிவிட்டது. வடிவங்கள் மாறினாலும் வாசனின் வாழ்க்கை எழுப்பும் வினா மாறவில்லை. எளிய மக்களுக்காகச் செய்வதால் ஒரு பணியை எளிதாகச் செய்துவிடலாமா? ஆறு மாதம் ஒத்திகை பார்த்த முரசு நடனமும், ஐம்பது சர்க்கஸ்களைக் கண்டபின் தேர்ந்தெடுத்த இரண்டும் அவ்வினாவுக்கு வாசன் அளித்த விடைகள். கயிற்றின்மேல் நடந்த ஆடுமகளைக் காதற்பாட்டில் அமர்த்திய சங்கப் புலவரும் அவ்விடையை ஏற்றிருப்பார்.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நடைபெறும் கழைக்கூத்து, கரகாட்டம், பொய்க்கால் குதிரை ஆகியவற்றுள் ஒன்றை நிகழ்த்தும் கலைஞரைக் கண்டு, அவர் பயிற்சிபெற்ற முறையைக் கேட்டறிந்து எழுதுக.

2. உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள முதியோரிடம் டூரிங் டாக்கீஸில் படம் பார்த்த அனுபவத்தைக் கேட்டு, வகுப்பறையில் பகிர்க.

3. நற்றிணை 95ஆம் பாடலில் அமைந்த காட்சியையும் 'சந்திரலேகா'வில் சர்க்கஸ் பெறும் இடத்தையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் கட்டுரை வரைக.

4. பொழுதுபோக்குக் கலைகள் மக்களுக்குத் தேவையானவையா, அவர்களின் சிக்கல்களை மறக்கச் செய்பவையா என்னும் பொருளில் இரு குழுக்களாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.